உலைக்களத்தின் முன் நின்ற அறிஞர்: கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

வன்னியில் குளமும் வயலும் இருந்த ஊர்களில் கொல்லன் பட்டறை ஒன்றும் இருந்தது. காலபோகத்துக்கு முன் கலப்பைக் கொழுவும் மண்வெட்டியும் அங்கேதான் சீராகும். அரிவுவெட்டு நெருங்கும்போது அரிவாள்களும் அங்கேதான் வந்து குவியும். கூலி பெரும்பாலும் சூடடித்த பின் களத்திலேயே நெல்லாக அளக்கப்பட்டது. இரும்பு எந்த நிறத்துக்குக் காய்ந்ததும் எடுப்பது, தண்ணீரில் எவ்வளவு நேரம் தோய்ப்பது என்பதெல்லாம் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்த அறிவு பட்டறைக்காரரின் கண்ணிலும் கையிலும் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோதும், 2009 இல் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை வன்னி மக்கள் துரத்தப்பட்டபோதும் இழந்த வீட்டையும் காணியையும் மாட்டையும் கணக்கெடுத்தோம். மனிதரோடு சேர்ந்து போன கைத்தொழில் அறிவை எவரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

இத்தகைய கணக்கெடுப்பை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இத்தீவில் தொடங்கிய ஒருவர் இருந்தார். அவர் கலைப் பட்டதாரியும் அல்லர், தொல்பொருள் திணைக்கள அதிகாரியும் அல்லர். கற்களையும் கனிமங்களையும் ஆராய வந்த புவியியலாளர். பின்னாளில் உலகம் முழுவதும் கலாயோகி எனப் போற்றப்பட்ட ஆனந்த கென்ரிஷ் குமாரசுவாமியே அவர்.

1877 ஓகஸ்ட் 22 ஆம் திகதி கொழும்பில் அவர் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தின் வழிவந்தவர். சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதி. இங்கிலாந்தில் பரிஸ்டராகி, 1874 இல் சேர் பட்டமும் பெற்றவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் தந்த அவரே பௌத்த நூல்களான சுத்தநிபாதத்தையும் தாதாவம்சத்தையும் பாளியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஒரு தமிழ்ச் சைவர் பாளி நூல்களை உலகறியச் செய்த அந்தக் காலம் இன்று நமக்கு ஏதோ வேற்றுலகம் போலத் தோன்றுகிறது. தாயார் எலிசபெத் கிளே பீபி, இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்தவர். மகனின் பெயரிலுள்ள கென்ரிஷ் என்ற சொல் அந்த ஊரைக் குறிப்பதே.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புவதற்கு முன்பே தாய் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். பின்னர் அங்கு செல்லவிருந்த தந்தை, 1879 மே மாதத்தில் கப்பலேற வேண்டிய நாளிலேயே கொழும்பில் காலமானார். ஆகவே ஆனந்தர் ஓர் ஆங்கிலேயச் சிறுவனாகவே வளர்ந்தார். குளோஸ்ரர்ஷயரில் விக்ளிஃப் கல்லூரியில் படித்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியலிலும் புவியியலிலும் 1900 இல் முதல் வகுப்பில் தேறினார். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருக்கு மைத்துனர் முறையினர். அவர்களுடைய தாயார் முத்துக் குமாரசுவாமியின் உடன்பிறந்தவர். ஆனாலும் அந்த உறவின் சூட்டை அவர் அறிந்தது இளமை கடந்து இலங்கைக்குத் திரும்பிய பின்னரே.

1902 இல் எதெல் பார்ட்ரிட்ஜ் என்ற அம்மையாரை மணந்த அவர், அவருடன் இலங்கைக்கு வந்தார். அடுத்த ஆண்டில் அரசாங்கக் கனிமவியல் அளவீட்டின் முதற் பணிப்பாளரானார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. தோரியனைட் என்ற கதிர்வீச்சுக் கனிமம் 1904 இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது சப்ரகமுவப் பகுதியில் அவர் கண்டெடுத்த மாதிரிகள் மூலமே. இலங்கையின் புவியியல் பற்றிய ஆய்வுக்காக இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியற் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அந்தப் பாதையிலேயே நடந்திருந்தால் நல்ல சம்பளமும் நல்ல ஓய்வூதியமும் கிடைத்திருக்கும். இன்று அவர் பெயரை ஒரு சில கனிமவியலாளர் மட்டுமே அறிந்திருப்பர்.

அவரைத் திசை திருப்பியது மாட்டுவண்டிப் பயணம் எனலாம். கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தபோது அவர் கண்டது மனிதரை. தட்டாரும் தச்சரும் ஓவியரும் குயவரும் நெசவாளரும் பாய் பின்னுவோரும் ஆங்காங்கே எஞ்சியிருந்தனர். கண்டி அரசு 1815 இல் வீழ்ந்து தொண்ணூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அரசனின் பட்டறைகள் இல்லை. அவர்களுக்கு வேலை கொடுத்த பிரதானிகளின் வீடுகளில் ஐரோப்பிய நாற்காலிகள் வந்துவிட்டன. விகாரைகளில் பழைய ஓவியங்களின் மேல் மலிவான வர்ணம் பூசப்பட்டது. 1905 இல் கண்டிப் பிரதானிகளுக்கு அவர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, உங்கள் முன்னோரின் கட்டடங்களை நீங்களே அழியவிடலாமா என்ற பொருள்படக் கேட்டார். அதே காலத்தில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவி, அதன் தலைவராகவும் இருந்தார். தாய்மொழிக் கல்வியும் ஐரோப்பியப் பழக்கங்களைக் கண்மூடிப் பின்பற்றாமையும் சங்கத்தின் நோக்கங்களில் சில. ஆங்கிலேயத் தாய்க்குப் பிறந்து, ஆங்கிலேயராகவே வளர்ந்த ஒருவர், கொழும்பின் கறுப்புத் துரைமாருக்கு வேட்டியின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பலாங்கொடைப் பகுதியில் இரும்பு உருக்குவோர் சிலர் அக்காலத்தில் உயிருடன் இருந்தனர். தொழில் ஏறத்தாழ நின்றுவிட்டது. இறக்குமதி இரும்பு மலிவாகக் கிடைக்கும்போது, மலையில் கல் பொறுக்கிக் கரி சுட்டு உலை ஊதுவார் யார்? குமாரசுவாமி அவர்களைத் தேடிச் சென்று, பழைய முறைப்படியே தம் கண்முன் உருக்கிக் காட்டச் செய்தார். களிமண் உலை; பின்னால் தோல் போர்த்திய இரண்டு துருத்திகள்; ஒரு மனிதர் இரண்டிலும் கால் வைத்து நின்று மாறி மாறி மிதிப்பார்; வளைந்த கழிகள் துருத்தியை மீண்டும் மேலே இழுக்கும். உருக்கு எஃகை மூசையில் வைத்து ஆக்கும் முறையையும், அதைச் செய்யக்கூடிய முதியவரிடமிருந்து நேரிற் கண்டு பதிவு செய்தார். எவ்வளவு தாது, எவ்வளவு கரி, எவ்வளவு நேரம், எத்தகைய மரம் என்ற விவரங்களை ஒரு வேதியியலாளரின் கண்டிப்புடன் குறித்தார். உலைக்காரரின் சொற்களையும், உலை மூட்டுமுன் அவர்கள் செய்யும் சடங்குகளையும் அதே கண்டிப்புடன் குறித்தார். இவ்விரண்டும் ஒரே தாளில் இருந்ததே புதுமை. அதற்கு முன் வந்த ஐரோப்பிய அதிகாரிகளிற் பலர் ஒன்றில் தொழில்நுட்பத்தை மட்டும் எழுதினர் அல்லது விநோதப் பழக்கம் என்று சடங்கை மட்டும் எழுதினர்.

எதெல் அம்மையாரின் பங்கை இங்கே மறக்கலாகாது. புகைப்படங்களை எடுத்தவர் அவர். பெண்களின் தையல் வேலையையும் பின்னல் வேலையையும் பற்றிய செய்திகள் அவராலேயே கிடைத்தன. பின்னாளில் எதெல் மேரே என்ற பெயரில் இங்கிலாந்தின் தலைசிறந்த கைத்தறி நெசவாளராகத் திகழ்ந்தவர் இவரே. தாவரச் சாயங்கள் பற்றி 1916 இல் அவர் எழுதிய நூல் நெடுங்காலம் கைத்தறியாளர்களின் கைந்நூலாக இருந்தது. அந்த நெசவாளர் உருவானதில் இலங்கைக் கிராமங்களுக்கும் பங்குண்டு.

1907 இல் தம்பதியர் இங்கிலாந்து திரும்பி, புரோட் காம்ப்டன் கிராமத்தில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தை வீடாக்கிக்கொண்டனர். எழுத்தாளரும் கைவினை இயக்கத்தின் முன்னோடியுமான வில்லியம் மொறிஸ் ஒரு காலத்தில் பயன்படுத்திய அச்சு யந்திரம் அந்த வீட்டுக்கு வந்தது. அதில், தம் மேற்பார்வையிலேயே, பதினைந்து மாதங்கள் உழைத்து, மத்தியகாலச் சிங்களக் கலை என்ற பெருநூலை 1908 இல் குமாரசுவாமி அச்சிட்டு முடித்தார். அச்சிட்டவை 425 பிரதிகள் மட்டுமே. கைவினை பற்றிய நூல் கைவினையாகவே வெளிவர வேண்டும் என்ற பிடிவாதம் அது. ஏழைக் கைவினைஞரைப் பற்றிய நூல் செல்வந்தர் மட்டுமே வாங்கக்கூடிய விலையில் வந்தது என்று குறை கூறுவோரும் உண்டு. குறை நியாயமானதே, ஆனால் அந்த நூல் வந்திராவிட்டால் இன்று நம் கையில் ஒன்றுமே இருந்திராது.

அந்நூலில் அவர் நிலைநாட்டிய கருத்து எளிமையானது. கைவினைஞர் படிப்பறிவற்ற கூலியாள் அல்லர். ஒரு நெடிய கல்வி மரபின் வாரிசு. கண்டிய ஓவியரிடமும் சிற்பியிடமும் சாரிபுத்திரம், ரூபாவலி முதலிய வடமொழிச் சுவடிகள் சிங்கள உரையுடன் இருந்தன என்பதையும், உருவத்தின் ஒவ்வோர் அளவையும் அவர்கள் மனப்பாடமாக வைத்திருந்தனர் என்பதையும் அவர் காட்டினார். சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை விரிவாக எழுதினார். கண்டிய உயர் கைவினைக் குடும்பங்களிற் பல தென்னிந்தியாவிலிருந்து வந்து கலந்தவை என்பதையும் அவர் மறைக்கவில்லை. சிங்களக் கலை என்று பெயரிட்ட நூலிலேயே தமிழகக் கம்மாளரின் சுவடு இருப்பதை எழுதிய நேர்மையை, இனப்பெயரால் கலையைப் பங்கு போடும் நம் காலத்தவர் கவனிக்க வேண்டும்.

1909 இல் வெளிவந்த இந்தியக் கைவினைஞர் என்ற சிறு நூலில் அவர் இதே கருத்தை இந்தியா முழுமைக்கும் விரித்தார். ஊர்க் கைவினைஞருக்கு நிலமும் நெற்பங்கும் உறுதியாக இருந்ததால், சந்தைக்காக அவசரப்படாமல் நல்ல பொருளைச் செய்ய முடிந்தது என்பது அவர் வாதம். வன்னிப் பட்டறையில் நெல்லாக அளக்கப்பட்ட கூலியை நினைத்தால் இதன் உண்மை விளங்கும். ஆயினும் இந்த இடத்தில் அவரோடு முழுவதும் உடன்பட முடியாது. குலத்தொழில் முறையை அவர் ஒரு கல்விக்கூடமாகக் கண்டார். அது ஒரு சிறையாகவும் இருந்தது. தன் மகன் துருத்தி மிதிக்காமல் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று விரும்பிய தந்தையின் குரலை அவர் நூல்களில் தேடினால் எளிதிற் கிடைக்காது. கோயில் வாகனம் செய்த கைகள் அதே கோயிலின் உள்வீதிக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எல்லை வகுக்கப்பட்டிருந்த சமூகத்தில் வாழ்ந்தவர்கள் நாம். இதை அறிந்தே அவரைப் படிக்க வேண்டும்.

சுதேசி இயக்கம் பற்றிய அவர் கருத்து இதைவிடக் கூர்மையானது. மன்செஸ்ரர் துணிக்குப் பதிலாக அதே மாதிரியான துணியைப் பம்பாய் ஆலையில் நெய்துவிட்டால் நாடு மீண்டுவிடுமா என்று அவர் கேட்டார். ஊர் நெசவாளர் இருவராலும் ஒரே மாதிரியாகவே அழிகிறார் என்பது அவர் கண்ட உண்மை. இந்தக் கேள்விக்குச் சுதேசித் தலைவர்களிற் பலரிடம் விடை இருக்கவில்லை.

1910 இல் இலண்டனில் இந்தியக் கலைச் சங்கம் உருவானதில் அவர் முன்னின்றார். தாம் சேர்த்த பெரும் ஓவியத் தொகுதியை இந்தியாவுக்கே கொடுத்து, காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைக்க விரும்பினார். அதற்கு வேண்டிய ஆதரவு கிடைக்கவில்லை. 1917 இல் அத்தொகுதி அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதனுடன் அதன் காப்பாளராக அவரும் சென்றார். வாழ்வின் எஞ்சிய முப்பது ஆண்டுகளும் அங்கேயே கழிந்தன.

தமிழுலகம் அவரை அதிகம் அறிந்தது சிவ நடனம் என்ற கட்டுரையால். 1912 இல் சென்னைச் சித்தாந்த தீபிகை இதழில் முதலில் வெளிவந்த அக்கட்டுரை, 1918 இல் நியூயோர்க்கில் நூலாகிய தொகுப்புக்குத் தலைப்பும் ஆயிற்று. திருமூலரையும் உண்மை விளக்கத்தையும் சான்றாகக் கொண்டு, நடராச வடிவத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் அவர் பொருள் சொன்னார். ஐரோப்பியர் பலர் பல கைகள் கொண்ட விகார உருவம் என்று ஒதுக்கிய வெண்கலத்தை உலகின் பேரருங்காட்சியகங்கள் நடுமண்டபத்தில் வைக்கத் தொடங்கியதில் அக்கட்டுரைக்குப் பெரும் பங்குண்டு. அந்த வெண்கலத்தை வார்த்த தபதியைப் பற்றி அவர் முன்பே எழுதிவிட்டார் என்பதைச் சைவ மேடைகளில் கட்டுரையைப் போற்றுவோர் அதிகம் நினைப்பதில்லை.

நம் முஸ்லிம் வாசகர்கள் அவரை இந்துக் கலை அறிஞர் என்று மட்டுமே கேள்விப்பட்டிருக்கலாம். அது அரை உண்மை. பொஸ்டனில் மொகலாய ஓவியங்களுக்கு அவர் தயாரித்த விவரணப் பட்டியல் 1930 இல் வெளியாயிற்று. அதற்கு முன், 1924 இல், அல்-ஜஸரியின் இயந்திர நூல் பற்றித் தனி நூல் ஒன்றை எழுதினார். 1206 இல் தியார்பக்கிர் அரசவையில் பணியாற்றிய அல்-ஜஸரி, நீர்க்கடிகாரங்களையும் தானே இயங்கும் கருவிகளையும் அவற்றின் அளவுகளோடும் படங்களோடும் விளக்கிய பெருங் கைவினைஞர். அவருடைய யானைக் கடிகாரத்தின் வயிற்றுக்குள் அடியில் நுண்துளையிட்ட ஒரு கிண்ணம் நீரில் மிதக்கும். துளை வழியே நீர் நிறைந்து அது அமிழும்போது பொழுது கணக்கிடப்படும். இதைப் படிக்கும் தமிழர் எவருக்கும் நம் நாழிகை வட்டில் நினைவுக்கு வராமல் இராது. 1934 இல் கவாஜா கிள்று பற்றி அவர் எழுதிய ஆய்வு இஸ்லாமியக் கலை ஏடொன்றில் வெளிவந்தது. ஜீவ நீரூற்றின் காவலரான கிள்று நபியைப் பற்றிய நம்பிக்கை இந்தியாவில் முஸ்லிம்களிடையேயும் இந்துக்களிடையேயும் எவ்வாறு பரவியது என்பதை அதில் ஆராய்ந்தார். கதிர்காமத்தில் முருகன் சந்நிதியின் அருகிலேயே கிள்று நபியின் பெயரோடு தொடர்புபட்ட பள்ளிவாசல் இருக்கும் நாட்டவர்க்கு இது புதிதல்ல.

இனி மீண்டும் பலாங்கொடை மலைகளுக்கு வருவோம். குமாரசுவாமி மறைந்து நாற்பதாண்டுகளுக்குப் பின், அதே பகுதியில் சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்படவிருந்ததால், நீரில் மூழ்கவுள்ள இடங்களைத் தொல்பொருளாய்வாளர் ஆராய்ந்தனர். பிரித்தானிய ஆய்வாளர் கில் ஜூலெஃப் மேற்குப் பார்த்த சரிவுகளில் எழுபத்தேழு பழைய இரும்புலைகளின் தடயங்களைக் கண்டார். அவற்றுக்குத் துருத்தி இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றே உலையை ஊதியது. முறைப்படி உலையை மீண்டும் கட்டி உருக்கிப் பார்த்தபோது உயர்தர எஃகே கிடைத்தது. 1996 இல் நேச்சர் ஏட்டில் வெளிவந்த அக்கட்டுரை, இவ்வுலைகள் கிறிஸ்துவுக்குப் பின் ஏழாம் நூற்றாண்டு முதல் பதினொராம் நூற்றாண்டு வரை இயங்கியவை எனக் காட்டியது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதின் பேரறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீப் எஃகைக் குறிப்பிட்டிருந்தார். அரபு வணிகர் கொண்டுசென்ற எஃகு எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கு, அம்மலைச் சரிவுகள் ஒரு விடையைத் தந்தன. குமாரசுவாமி கண்டது கடைசிக் காலத்துத் துருத்தி உலையை. அதற்கு ஆயிரம் ஆண்டுகள் முந்திய காற்றுலை அதே மண்ணின் கீழ் இருந்ததை அவர் அறியார். ஆனால் துருத்தியுலை பற்றியும் மூசை எஃகு பற்றியும் அவர் எழுதிவைத்த குறிப்புகள் இன்றும் இத்துறை ஆய்வாளர்க்கு முதற் சான்றுகளில் ஒன்றாக உள்ளன. கடைசி உருக்காளர் இறந்த பின் அவற்றை எவராலும் எழுதியிருக்க முடியாது.

வன்னிக்கு அத்தகைய ஒருவர் வாய்க்கவில்லை. பிரித்தானிய நிர்வாகி ஜே. பி. லூயிஸ் 1895 இல் வன்னி மாவட்டங்கள் பற்றி ஒரு பெரிய கையேடு எழுதினார். அது நிர்வாகத்துக்காக எழுதப்பட்டது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் பழைய குளங்களின் மதகுகளை 1909 இல் வியந்து எழுதினார். அந்த மதகை அமைத்த கல்தச்சரும் மண் வெட்டியவரும் அவர் நூலில் பெயரற்றவர்கள். போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே பூநகரியில் கள ஆய்வு செய்த பேராசிரியர் ப. புஷ்பரட்ணம், ஆதி இரும்புக் காலத்துக் கறுப்பு சிவப்பு மட்பாண்டங்களை வெளிப்படுத்தித் தம் ஆய்வை 1993 இல் நூலாக்கினார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய குயவரின் ஓடுகள் நம்மிடம் உள்ளன. அண்மைக் காலம் வரை சக்கரம் சுற்றிய குயவர் எந்தக் குளத்து மண்ணை எந்த மணலோடு எந்த அளவில் குழைத்தார் என்ற குறிப்பு நம்மிடம் இல்லை. பன்பாய் பின்னிய முஸ்லிம் பெண்கள் பன்னை எப்போது அறுத்தார்கள், எப்படிக் காயவைத்தார்கள், சாயத்துக்கு எதை இட்டார்கள் என்பதும் அவ்வாறே. இடம்பெயர்ந்து இருபதாண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பிய குடும்பங்களில் அதை அறிந்த மூதாட்டிகள் சிலராவது இன்னும் இருக்கக்கூடும். அவர்களிடம் கேட்க ஒரு குறிப்புப் புத்தகமும் பொறுமையும் போதும். குமாரசுவாமியிடம் தொடக்கத்தில் இருந்ததும் அவ்வளவே.

தம் இறுதிக் காலத்தில் அவர் பெரும்பாலும் மெய்ஞ்ஞானம் பற்றியே எழுதினார். உபநிடதம், பாளி நூல்கள், சூஃபிகள், கிரேக்கர், கிறிஸ்தவ ஞானிகள் அனைவரையும் ஒரே மேசையில் அமர்த்தும் அக்கட்டுரைகள் எளிதில் படிக்கக்கூடியவை அல்ல; அடிக்குறிப்புகள் சில வேளை கட்டுரையையே விழுங்கிவிடும். எழுபதாவது பிறந்தநாளை 1947 ஓகஸ்டில் நண்பர்கள் பொஸ்டனில் கொண்டாடினர். பணியிலிருந்து ஓய்வு பெற்று மனைவி லூயிசாவுடன் இந்தியாவுக்குச் சென்று, எஞ்சிய நாளைத் தவ வாழ்வாகக் கழிக்கப் போவதாக அவர் அறிவித்திருந்தார். செப்டெம்பர் 9 ஆம் திகதி, மாசசூசெற்ஸ் மாநிலத்தின் நீடம் என்ற ஊரில் தம் இல்லத்திலேயே காலமானார். இந்தியா விடுதலை பெற்று ஒரு மாதம் நிறையவில்லை. இலங்கைக்கு இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன.

கொழும்பில் ஒரு வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தேசியக் கலாபவனம் இருப்பதும் அவ்வீதியிலேயே. அதன் நடைபாதையில், வேலியில் சாய்த்து வைத்த தம் ஓவியங்களை ஓவியர்கள் பல ஆண்டுகளாக விற்று வந்துள்ளனர்.